காற்றில் கிடக்கும் தழைச்சத்து பயிருக்கு ஏன் எட்டுவதில்லை?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் ஆறு மா நிலத்தில் நெல் சாகுபடி செய்கிறேன். சம்பா அறுப்புக்கு முன்னால் உளுந்து தெளிப்பது எங்கள் வழக்கம். உளுந்து போட்ட வயலுக்கு அடுத்த போகத்தில் உரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்பார் அப்பா. இடி மின்னலோடு மழை பெய்தால் யூரியா போட்ட மாதிரி பயிர் பச்சை கட்டும் என்பார் தாத்தா. என் மகளின் பாடப் புத்தகத்தில் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் என்று போட்டிருக்கிறது. காற்றில் முக்கால் பங்கு உரமாகவே இருந்தால் நான் ஏன் மூட்டை மூட்டையாக யூரியா வாங்குகிறேன்? காட்டு மரத்துக்கு யார் யூரியா போடுகிறார்கள்? உளுந்து விஷயம் உண்மையா, வெறும் நம்பிக்கையா?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: மகளின் புத்தகத்தைப் படித்துவிட்டு வயலைப் பார்த்திருக்கிறீர்கள். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பெரிய விஞ்ஞானிகளைத் தூங்கவிடாமல் வைத்திருந்ததும் இதே கேள்விதான்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு ஏக்கர் நிலத்துக்கு நேர் மேலே, காற்று மண்டலத்தின் உச்சி வரை, சுமார் 31,000 டன் நைட்ரஜன் நிற்கிறது. ஆறு மா என்றால் ஏறத்தாழ இரண்டு ஏக்கர். உங்கள் தலைக்கு மேல் 60,000 டன்னுக்குக் குறையாது. நீங்கள் வாங்கும் 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதோ 20 கிலோவும் கொஞ்சமும். ஒரு டன் நெல் விளைய, வைக்கோலையும் சேர்த்து, பயிர் 15 முதல் 20 கிலோ வரை தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. தேவை கிலோக் கணக்கு, இருப்பு ஆயிரக்கணக்கான டன். ஆனாலும் பயிர் மஞ்சளாகிறது.

காரணம் அந்த நைட்ரஜன் இருக்கும் விதம். காற்றில் அது தனி அணுவாக இல்லை. இரண்டிரண்டாகச் சேர்ந்து, மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடக்கிறது. இயற்கையில் உள்ள மிக வலுவான பிணைப்புகளில் இது ஒன்று. நெல் இலையின் துளைகள் வழியாக நாள் முழுவதும் காற்று போய்வருகிறது. அதில் மிகச் சொற்பமாக இருக்கும் கரியமில வாயுவை இலை பிடித்துக்கொள்கிறது. முக்கால் பங்குக்கு மேல் இருக்கும் நைட்ரஜன் உள்ளே போன மாதிரியே வெளியே வந்துவிடுகிறது. நாம் இழுத்து விடும் மூச்சிலும் இதேதான் நடக்கிறது. செடிக்கோ விலங்குக்கோ அந்தப் பிணைப்பை உடைக்கத் தெரியாது. அது இல்லாமல் வாழவும் முடியாது: இலைப் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள், புரதத்தின் எடையில் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன், மரபணுவின் ஒவ்வொரு எழுத்திலும் நைட்ரஜன்.

அந்தப் பிணைப்பை உடைக்கத் தெரிந்தவை சில வகை நுண்ணுயிர்கள் மட்டுமே. அவற்றிடம் நைட்ரஜனேஸ் என்ற நொதி இருக்கிறது. அதன் நடுவில் இரும்பும் மாலிப்டினமும் கலந்த சிறு கொத்து ஒன்று. காற்று நைட்ரஜன் அங்கே வந்து ஒட்டி, அம்மோனியாவாக மாறி வெளியேறுகிறது. மனிதர்கள் இதே வேலையை யூரியா தொழிற்சாலைகளில் செய்கிறார்கள். ஃப்ரிட்ஸ் ஹேபர் 1909-ல் சோதனைச் சாலையில் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். 1913-ல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. இந்த முறைக்கு 400, 500 டிகிரி வெப்பமும் காற்றழுத்தத்தைப் போல நூறு, இருநூறு மடங்கு அழுத்தமும் வேண்டும். உங்கள் வயல் சேற்றில் இருக்கும் நுண்ணுயிர் அதைச் சாதாரணச் சூட்டில் செய்து முடிக்கிறது. இதைவிட வியக்கத்தக்க வேதியியல் இந்தப் பூமியில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தத் திறமை மிகப் பழையது. 320 கோடி ஆண்டுப் பாறைகளிலேயே இதன் வேதித் தடயம் கிடைத்திருக்கிறது. அப்போது காற்றில் ஆக்சிஜன் கிடையாது. இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. நைட்ரஜனேஸ் ஆக்சிஜன் இல்லாத உலகில் பிறந்தது. ஆக்சிஜன் பட்டால் அழிந்துபோகும். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் ஏறத் தொடங்கியது. ஏற்றியவை நீலப்பச்சைப் பாசிகள். அவற்றின் வம்சத்திலேயே நைட்ரஜன் பிடிப்பவையும் இருந்தன. ஒளிச்சேர்க்கையில் தான் வெளிவிடும் ஆக்சிஜன், தன் நொதிக்கே நஞ்சு. பரிணாமம் இதற்கு ஒரே ஒரு விடையோடு நிற்கவில்லை. சில பாக்டீரியாக்கள் காற்றுப் புகாத சேற்றுக்குள் ஒதுங்கிக்கொண்டன. சில பாசிகள் பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் நைட்ரஜன் என்று பொழுதைப் பிரித்துக்கொண்டன. வேறு சில பாசிகளின் இழையில் பத்துக்கு ஒன்று என்ற அளவில் ஒரு செல் ஒளிச்சேர்க்கையின் ஆக்சிஜன் விடும் பகுதியை நிறுத்திவிட்டுத் தடித்த சுவர் எழுப்பிக்கொள்கிறது. அந்தச் செல்லுக்கு இனிப் பிரிந்து பெருக வழியில்லை. பக்கத்துச் செல்கள் சர்க்கரை கொடுக்க, அது நைட்ரஜன் பிடித்துக் கொடுக்கிறது.

உங்கள் நெல் வயலின் தண்ணீரில் மிதக்கும் பாசியில் இந்த வகை நிறைய உண்டு. நெல்வயல் உரமே காணாமல் நூற்றாண்டுக் கணக்கில் ஓரளவு விளைந்துகொண்டே இருப்பது எப்படி என்ற கேள்விக்கு, இந்தப் பாசிகளைக் காட்டி 1939-ல் விடை எழுதினார் பி. கே. டே என்ற இந்திய விஞ்ஞானி. அசோலா என்ற நீர்ப்பெரணி இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் இலை மடிப்புக்குள் வாழும் பாசி தலைமுறை தலைமுறையாக வித்து வழியே தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. தனியாக வாழும் திறனையே இழந்துவிட்டது.

இப்போது உளுந்துக்கு வருவோம். பயறு வகைச் செடிகளுக்கு ஏதோ தனிச் சக்தி இருக்கிறது என்பது உழவர்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தெரியும். காரணம் 1880-களில்தான் பிடிபட்டது. ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு ஜெர்மானியர்கள், பட்டாணியின் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர்தான் காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்கிறது என்று காட்டினார்கள். 1888-ல் ஹாலந்து நாட்டு பெய்ஜரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். நீங்கள் விதை நேர்த்திக்கு வாங்கும் ரைசோபியம் பொட்டலத்தில் இருப்பது அதன் இனம்தான்.

அந்த முடிச்சு உருவாகும் கதையைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். தழைச்சத்து போதாத உளுந்து வேர் மண்ணுக்குள் ஒரு வேதிப்பொருளைக் கசிய விடுகிறது. பொருத்தமான பாக்டீரியா அதை உணர்ந்து, பதிலுக்கு வேறொரு பொருளை அனுப்புகிறது. இரண்டும் பொருந்தினால் வேர்த்தூவி சுருண்டு அதை உள்ளே விடுகிறது; அந்த இடத்தில் முடிச்சு திரள்கிறது. உள்ளே பாக்டீரியாவுக்கு மூச்சு விட ஆக்சிஜன் வேண்டும், ஆனால் நொதியை ஆக்சிஜன் தொடக்கூடாது. செடி இதற்காக ஒரு புரதத்தைச் செய்கிறது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு அது உறவு. ஆக்சிஜனை அளந்து கொண்டுபோய்க் கொடுக்கிறது. உளுந்து முளைத்து முப்பது, முப்பத்தைந்து நாளில் ஒரு செடியை மண்வெட்டியால் மெதுவாகத் தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

இதைப் பெரும்பாலும் நட்பு என்றே எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க, செல்லில் ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி என்ற மூலக்கூறு குறைந்தது 16 செலவாகிறது. அத்தனையும் செடி தன் இலையில் சேர்த்த சர்க்கரையிலிருந்து போக வேண்டும். சர்க்கரையை வாங்கிக்கொண்டு நைட்ரஜன் தராமல் இருக்கும் பாக்டீரியாவும் இருக்கத்தானே செய்யும்? 2003-ல் கலிபோர்னியாவில் டோபி கியர்ஸும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இதைச் சோதித்தார்கள். சோயா வேர் முடிச்சுகளைச் சுற்றி நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். பாக்டீரியா நினைத்தாலும் நைட்ரஜன் தர முடியாத நிலை. செடி அந்த முடிச்சுகளுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்தது. உள்ளே பாக்டீரியாவின் பெருக்கம் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. அதாவது செடி வரவைப் பார்த்துத்தான் செலவு செய்கிறது. இதிலிருந்து உங்களுக்கு ஒரு நேரடிச் செய்தி உண்டு. உளுந்துக்குத் தாராளமாக யூரியா போட்டால் முடிச்சு கட்டுவது குறைந்துவிடும்.

இவ்வளவு செலவு பிடிக்கும் வேலை என்பதால்தான் எல்லாச் செடியும் இதில் இறங்கவில்லை. பூக்கும் தாவரங்களில் நான்கு வரிசைகளில் மட்டும் முடிச்சு கட்டும் வழக்கம் உண்டு. நம் கடற்கரைச் சவுக்கு அவற்றில் ஒன்றைச் சேர்ந்தது. அதன் வேரில் இருப்பது ஃப்ராங்கியா என்ற வேறு வகை நுண்ணுயிர். அந்த நான்கு வரிசைகளைச் சேர்ந்த பல செடிகள் பிற்பாடு இந்தத் திறனைக் கைவிட்டும் இருக்கின்றன. வேறு சில செடிகள் முற்றிலும் மாறான வழியில் போயின. சத்தில்லாத ஈர மண்ணில் வளரும் அழுகண்ணி, பூச்சியைப் பிடித்துச் செரித்துத் தனக்கு வேண்டிய நைட்ரஜனை எடுத்துக்கொள்கிறது. வாழ்க்கைக்கு இந்தத் தனிமம் எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு செடி பூச்சி தின்னக் கற்றுக்கொண்டதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

கடலில் இன்னும் ஆழமான ஒரு கதை நடந்திருக்கிறது. ஜொனாதன் ஜேர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1998-ல் பசிபிக் கடல் நீரில் நைட்ரஜன் பிடிக்கும் ஏதோ ஒரு நுண்ணுயிரின் மரபணுத் துண்டைக் கண்டார். ஜப்பானில் கியோகோ ஹகினோ பத்தாண்டுக்கு மேல் பாடுபட்டு, அது குடியிருக்கும் கடற்பாசியைச் சோதனைச் சாலையில் வளர்த்தெடுத்தார். 2024-ல் முடிவு வெளியானது: அந்த நுண்ணுயிர் இப்போது விருந்தாளி அல்ல, பாசிச் செல்லின் உள்ளுறுப்பாகவே ஆகிவிட்டது. செல் பிரியும்போது அதுவும் பிரிகிறது. தனக்கு வேண்டிய புரதங்களில் பலவற்றைச் செல்லிடமிருந்தே வாங்கிக்கொள்கிறது. நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா நூறு கோடிக்கும் அதிகமான ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் உள்ளே வந்தது. நைட்ரஜன் பிடிக்கும் உறுப்போடு ஒரு செல்லைப் பார்ப்பது அதுவே முதல் தடவை.

காட்டு மரத்துக்கு யார் யூரியா போடுகிறார்கள் என்று கேட்டீர்கள். ஆண்டுதோறும் புதிதாகக் காற்றிலிருந்து வருவது காட்டுக்கும் கொஞ்சம்தான். காட்டின் சூட்சுமம் வரவில் இல்லை, கைவிடாமல் இருப்பதில் இருக்கிறது. இலை பழுத்து மஞ்சளாகும்போது மரம் அதிலிருக்கும் நைட்ரஜனில் ஏறத்தாழ பாதியைத் திரும்ப இழுத்துக் கிளையில் சேர்த்துவிட்டுத்தான் சருகை உதிர்க்கிறது. மீதியைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் மண்புழுவும் பிரித்து வேருக்குக் கொடுக்கின்றன. ஒரே நைட்ரஜன் அணு இலையாகவும் புழுவாகவும் பறவையாகவும் மறுபடி இலையாகவும் பல சுற்று வருகிறது. நெல்லை அறுத்து லாரியில் ஏற்றும் வயலில் அந்தச் சுற்று அறுந்துபோகிறது. உங்களுக்கு மூட்டை வாங்க வேண்டியிருப்பதும் காட்டுக்கு வேண்டாததும் இதனால்தான்.

தாத்தா சொன்ன மின்னல் விஷயம் பாதி சரி. மின்னலின் சூட்டில் நைட்ரஜன் பிணைப்பு உடைந்து, மழையில் கரைந்து வருவது உண்மை. ஆனால் ஒரு ஆண்டு முழுவதற்கும் அது ஏக்கருக்கு ஒன்றிரண்டு கிலோவைத் தாண்டாது. பயிர் பச்சை கட்டுவதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. காரணம் பெரும்பாலும் வானத்தில் இல்லை, காலடியில் இருக்கிறது. காய்ந்து கிடந்த மண் கோடை மழையில் நனைந்தவுடன் நுண்ணுயிர்கள் திடீரென விழித்து, மண்ணின் மக்கில் பூட்டிக் கிடக்கும் தழைச்சத்தை ஒரேயடியாக விடுவிக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பர்ச் என்பவர் 1950-களில் இதை விரிவாக ஆராய்ந்தார். இன்றும் அவர் பெயராலேயே இதைச் சொல்கிறார்கள்.

இதுவரை உள்ளே வரும் வழியைச் சொன்னேன். வெளியேறும் வழி ஒன்றும் இருக்கிறது, அது உங்கள் காலுக்கடியிலேயே திறந்திருக்கிறது. நீர் நிற்கும் வயலில் மேலே மெல்லிய ஒரு மண் படலத்துக்கு மட்டும் ஆக்சிஜன் கிடைக்கும்; அதற்குக் கீழே கருஞ்சேற்றில் கிடையாது. மேல் படலத்தில் ஒரு கூட்டம் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிப் பிழைக்கிறது. அந்த நைட்ரேட் கீழே இறங்கினால், அங்கே இருக்கும் வேறு கூட்டம் ஆக்சிஜனுக்குப் பதில் அதை வைத்து மூச்சு விடுகிறது. விட்ட மூச்சில் நைட்ரஜன் வாயுவாகக் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. இதை நஷ்டம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்தக் கூட்டம் இல்லாவிட்டால் பிடிக்கப்பட்ட நைட்ரஜன் எல்லாம் ஆற்றோடு போய்க் கடலில் தேங்கிக்கொண்டே இருக்கும். பிடிப்பவையும் விடுபவையும் ஒன்றையொன்று அறியாது. யாரும் யாருக்காகவும் உழைக்கவில்லை. ஒன்றின் கழிவு இன்னொன்றின் பிழைப்பு. அப்படி ஒரு கழிவு எங்கே தேங்கினாலும் அதை உண்டு வாழும் ஒரு உயிர் நாளடைவில் அங்கே வந்து சேர்ந்தது. பூமியின் வளம் இப்படித்தான் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஓடியிருக்கிறது.

நாம் இதில் வரும் வழியை மட்டும் அகலப்படுத்திவிட்டோம். உலகின் தொழிற்சாலைகள் ஆண்டுக்குப் பத்துக் கோடி டன்னுக்கு மேல் நைட்ரஜனைக் காற்றிலிருந்து எடுக்கின்றன. அதை நான் பழிக்க மாட்டேன். இன்று உலகில் ஏறத்தாழ பாதிப்பேர் சாப்பிடும் சோறு அந்த உரத்தில் விளைந்தது. ஆனால் நெல் வயலில் தூவும் யூரியாவில் பயிருக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். மிச்சம் அம்மோனியாவாக ஆவியாகிறது, கிணற்று நீரில் நைட்ரேட்டாக இறங்குகிறது, கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகிறது. கடைசியில் சொன்னது நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு பூமியைச் சூடாக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது இது.

சரி, அப்பா சொன்ன உளுந்துக் கணக்கு. உளுந்து காற்றிலிருந்து நைட்ரஜன் எடுப்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி மணிக்குத்தான் போகிறது. ஒரு ஏக்கரில் 200 கிலோ உளுந்து எடுத்தால் அதிலேயே ஏழெட்டு கிலோ நைட்ரஜன் வீட்டுக்கு வந்துவிடும். செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோனால் முடிச்சும் போயிற்று. அறுத்தெடுத்து வேரை மண்ணில் விட்டு, கொடியையும் பொட்டையும் மாட்டுக்குப் போட்டு, சாணத்தை வயலுக்கே திருப்பினால்தான் மண்ணில் ஏதாவது மிஞ்சும். அப்போதும் அதை நம்பி ஒரு முழு மூட்டை யூரியாவைக் குறைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உளுந்து அறுத்தபின் சித்திரை, வைகாசியில் வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும். அந்த நாட்களில் மண்ணில் மிஞ்சிய தழைச்சத்து மெல்ல மெல்ல நைட்ரேட்டாகிக்கொண்டிருக்கும். ஆற்றில் தண்ணீர் வந்து வயலை நிரப்பிச் சேறடித்தவுடன், நான் மேலே சொன்ன சேற்றுப் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டைச் சில வாரங்களுக்குள் காற்றில் விட்டுவிடும். உளுந்து கொடுத்தது நாற்றுக்கு எட்டும் முன்பே தீர்ந்துபோகும்.

ஆகவே இடையில் நிலத்தைச் சும்மா போடாதீர்கள். கோடை மழை ஈரத்தில் தக்கைப்பூண்டோ சணப்போ விதையுங்கள். மண்ணில் திரளும் நைட்ரேட்டை அது முதலில் வாங்கிக்கொள்ளும். பிறகு தானும் காற்றிலிருந்து பிடித்துச் சேர்க்கும். பூக்கத் தொடங்கும் 45 நாளில் மடக்கி உழுதால், மணி எதையும் வெளியே எடுக்காததால் அத்தனையும் வயலிலேயே நிற்கும். நன்றாக வளர்ந்த பயிர் ஏக்கருக்கு 25 கிலோ அளவில் தழைச்சத்து தரும். ஒரு யூரியா மூட்டைக்கு மேல் அது. தண்ணீர் தேங்கும் வயல் என்றால் மணிலா அகத்தி போடலாம். வேரில் மட்டுமல்லாமல் தண்டிலும் முடிச்சு கட்டுவதால் நீர் நின்றாலும் அதன் வேலை நிற்காது. நட்ட பின் யூரியாவைத் தேதி பார்த்துப் போடாமல், இலை வண்ண அட்டையை வைத்துப் பயிரின் நிறம் பார்த்துப் பிரித்துப் போடுங்கள். வேளாண் விரிவாக்க மையத்தில் அந்த அட்டையைக் கேட்டுப் பாருங்கள். முதல் போகத்தில் ஆறு மாவில் இரண்டு மாவுக்கு மட்டும் இப்படிச் செய்து, மற்ற நான்கு மாவோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். விளைச்சலையும் வாங்கிய மூட்டைகளையும் எனக்குத் தெரிவித்தால் அடுத்த போகத்துக்கான அளவை அதை வைத்துச் சொல்கிறேன்.